புதுக் காடி வாங்கும் முன் உங்கள் போனையும் அழைத்துப் போங்கள்: கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவில் காடிக் கடனை ஒன்பது ஆண்டு வரை இழுக்கலாம். போனை மூன்று நான்கு ஆண்டில் மாற்றிவிடுகிறோம். அப்படியென்றால் இன்று ஷோரூமில் பளபளவென்று நிற்கும் காடி, உங்கள் கையில் இருக்கும் போனோடு மட்டுமல்ல, நீங்கள் இன்னும் வாங்காத இரண்டு மூன்று போன்களோடும் ஒத்துப்போக வேண்டும். வாங்கும் நேரத்தில் இதை யோசிப்பவர்கள் குறைவு. திரை எத்தனை அங்குலம் என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி, பல நேரம் கடைசிக் கேள்வியும் அதுவே.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழி காட்டுவது, பாட்டு, அழைப்பு மூன்றும் போனின் வேலை. அந்த வேலையைப் போனிடமே விட்டுவிடும் காடியின் திரை சீக்கிரம் பழசாகாது. எல்லாவற்றையும் நானே செய்வேன் என்று நிற்கும் திரை கடன் பாதி முடிவதற்குள் கிழடு தட்டிவிடும். இதற்கு விதிவிலக்கு உண்டு, அதையும் நடுவில் சொல்கிறேன்.

படி 1: பெயர்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

பெட்டாலிங் ஜெயாவில் என் அத்தை ஒரு ஷோரூமில் கேட்டது இது: "தம்பி, இதுல வேஸ் வருமா?" பதில் உடனே வந்தது: "வரும் அக்கா, புளூடூத் இருக்கே." தம்பி பொய் சொல்லவில்லை. வேஸ் என்ற வழிகாட்டும் செயலி சொல்லும் "அடுத்த சந்திப்பில் இடது பக்கம்" என்ற குரல் புளூடூத் வழியாகக் காடியின் ஸ்பீக்கரில் வரத்தான் செய்யும். ஆனால் வரைபடம் திரையில் வராது. அத்தை கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறொன்று.

புளூடூத் என்பது ஒலிக்கும் அழைப்புக்கும் மட்டும். இதற்கு அடுத்தது போனின் திரையை அப்படியே காடித் திரையில் பிரதிபலிப்பது. பல காடிகளில் இது ஏதாவது ஒரு "லிங்க்" என்ற பெயரில் இருக்கும். போனின் திரை அணையாமல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும், எழுத்து பொடியாகத் தெரியும், தொடுதலும் சில போன்களில்தான் சரியாக வேலை செய்யும். ஓட்டும்போது பயன்படுத்த இது தோதான ஏற்பாடு அல்ல.

மூன்றாவது வகைதான் நாம் தேடுவது: ஐபோனுக்கு ஆப்பிள் கார்பிளே, மற்றவற்றுக்கு ஆண்ட்ராய்டு ஆட்டோ. கார்பிளே 2014 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. ஆண்ட்ராய்டு ஆட்டோவைக் கூகுள் அதே ஆண்டு ஜூனில் அறிவித்து 2015இல் வெளியிட்டது. இரண்டிலும் கணக்குப் போடுவதும் படம் வரைவதும் போன்தான். காடித் திரை அதை வாங்கிக் காட்டும், நீங்கள் தொட்டதைப் போனுக்குத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். அதனால்தான் 2016இல் வாங்கிய காடியில்கூட இன்றைய கூகுள் மேப்ஸ் ஓடுகிறது. கூகுள் மேப்ஸும் வேஸும் கார்பிளேக்குள் வந்ததே 2018இல்தான். அதற்கு முன்பே காடி வாங்கியவர்களுக்கும் போனை அப்டேட் செய்ததோடு அவை தாமாகக் கிடைத்தன. காடியில் யாரும் எதையும் தொடவில்லை.

தமிழர்களுக்கு இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. பல காடிகளின் சொந்த மியூசிக் பிளேயரில் தமிழ் எழுத்தில் உள்ள பாட்டுப் பெயர்கள் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும், அந்தத் திரைக்குள் தமிழ் எழுத்துரு இருக்காது. கார்பிளேயில் எழுத்தை வரைவது போன் என்பதால் போனில் எப்படித் தெரிகிறதோ அப்படியே திரையிலும் தெரியும்.

நான்காவது வகையில்தான் குழப்பம் அதிகம். "ஆண்ட்ராய்டு சிஸ்டம் பாஸ், எல்லாம் இருக்கு" என்பார்கள். திரையே ஆண்ட்ராய்டில் ஓடும் ஒரு கணினியாக இருப்பது வேறு, ஆண்ட்ராய்டு ஆட்டோ இருப்பது வேறு. வோல்வோ போன்ற சில நிறுவனங்களின் காடிகளில் கூகுள் உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது, அது ஒழுங்கான ஏற்பாடு. வேறு சிலவற்றில் திரை ஆண்ட்ராய்டுதான், ஆனால் உள்ளே நிறுவனம் அனுமதித்த செயலிகள் மட்டும் இருக்கும். ஆகவே "ஆண்ட்ராய்டு இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "கார்பிளே இருக்கிறதா, ஆண்ட்ராய்டு ஆட்டோ இருக்கிறதா, கேபிளா வயர்லெஸா, இந்த வேரியண்டில் இருக்கிறதா" என்று நான்காகப் பிரித்துக் கேளுங்கள்.

படி 2: வீட்டில் உள்ள போன்களைப் பாருங்கள்

இதை ஷோரூமுக்குப் போகும் முன்பே முடித்துவிடலாம். காடியை ஓட்டப்போவது யார் யார், அவர்களிடம் என்ன போன் என்று பாருங்கள். கணவரிடம் ஐபோன், மனைவியிடம் சாம்சங், கல்லூரி போகும் பிள்ளையிடம் ஷியாவ்மி என்பது நம் வீடுகளில் சாதாரணம். கார்பிளே மட்டும் உள்ள காடியோ ஆண்ட்ராய்டு ஆட்டோ மட்டும் உள்ள காடியோ அந்த வீட்டுக்கு அரைக் காடிதான்.

ஐபோன்காரர்களுக்குக் கவலை குறைவு, இன்று புழக்கத்தில் உள்ள ஐபோன்கள் எல்லாமே கார்பிளேக்கு ஒத்துவரும். ஆண்ட்ராய்டு 10 முதல் ஆண்ட்ராய்டு ஆட்டோ போனுக்குள்ளேயே வருகிறது, தனியாக இறக்க வேண்டாம். கேபிள் இல்லாமல் பயன்படுத்த பெரும்பாலான போன்களுக்கு ஆண்ட்ராய்டு 11 தேவை, கூடவே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் இருக்க வேண்டும். மலிவான சில போன்களில் அந்த வைஃபை இருக்காது.

ஹுவாவெய் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். 2019இல் அமெரிக்கத் தடைக்குப் பிறகு வந்த மாடல்களில் கூகுள் சேவைகள் இல்லை, ஆகவே ஆண்ட்ராய்டு ஆட்டோவும் முறையாக வேலை செய்யாது. போனை மாற்றும் எண்ணம் இல்லையென்றால், இந்த வசதிக்காகக் காடியில் கூடுதல் பணம் கொட்டுவதில் பொருள் இல்லை.

படி 3: வேரியண்டும் விலையும்

ஒரே மாடலில் அடி வேரியண்டில் சாதாரண ரேடியோவும் புளூடூத்தும், மேல் வேரியண்டில் பெரிய திரையும் கார்பிளேயும் என்று பிரித்து வைப்பது இங்கே பழைய வியாபாரத் தந்திரம். விளம்பரத்தில் தெரிவது எப்போதும் மேல் வேரியண்ட், "ஆரம்ப விலை" என்று போட்டிருப்பது எப்போதும் கீழ் வேரியண்ட். பிரோஷரின் கடைசிப் பக்கத்தில் உள்ள அட்டவணையில் விரலை வைத்து வரி வரியாகப் போனால்தான் உண்மை தெரியும்.

இரண்டு வேரியண்டுக்கும் இடையே 4,000 ரிங்கிட் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது ஆண்டு என்றால் 108 மாதம். வட்டியைச் சேர்க்காமலே மாதம் 37 ரிங்கிட் ஆகிறது. வெறும் திரைக்காக என்றால் நான் தரமாட்டேன், ஏன் என்று ஏழாவது படியில் சொல்கிறேன். ஆனால் அந்த 4,000க்குள் தானாகப் பிரேக் பிடிக்கும் பாதுகாப்பு வசதியோ கூடுதல் ஏர்பேக்கோ சேர்ந்து வந்தால் யோசிக்காமல் மேல் வேரியண்டுக்குப் போங்கள். திரையை அப்புறம் வெளியே வாங்கி மாட்டலாம், ஏர்பேக்கை மாட்ட முடியாது.

இணையச் சேவை உள்ள காடியென்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. காடிக்குள் இருக்கும் சிம்முக்கு இலவச டேட்டா எத்தனை ஆண்டு, அது முடிந்ததும் யார் பணம் கட்டுவது, கட்டாவிட்டால் எந்தெந்த வசதி நிற்கும்? கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் உங்கள் போனின் டேட்டாவில் ஓடுபவை. அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இல்லாமலும் ஓட்டலாமா?

ஓட்டலாம். புரோட்டான் எக்ஸ்70 2018 டிசம்பரிலும் எக்ஸ்50 2020 அக்டோபரிலும் வந்தபோது இரண்டிலுமே கார்பிளேயும் இல்லை, ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இல்லை. "ஹாய் புரோட்டான்" என்று கூப்பிட்டால் கண்ணாடி இறங்கியது. பக்கத்திலேயே, ஏர்கோன் துவாரத்தில் மாட்டிய பிடியில், வேஸ் ஓடும் போன் ஆடிக்கொண்டிருந்தது. அதற்காக யாரும் வாங்காமல் இருந்துவிடவில்லை, காடிகள் நன்றாகவே விற்றன. பின்னால் வந்த மாடல்களில் புரோட்டானும் இந்த வசதிகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது. இன்று பழைய எக்ஸ்70 அல்லது எக்ஸ்50 வாங்க நினைப்பவர்கள் எந்த ஆண்டு காடி என்று பார்த்து, நேரில் போனை இணைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

நான் சொன்ன விதிவிலக்கு மின்சாரக் காடிதான். டெஸ்லா 2023 ஜூலையில் மலேசியாவில் அதிகாரப்பூர்வமாக விற்பனையைத் தொடங்கியபோது அதில் இரண்டுமே இல்லை. ஆனால் அதன் சொந்த வரைபடத்துக்கு பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று தெரியும், வழியில் எங்கே சார்ஜ் செய்ய வேண்டும் என்று அதுவே கணக்குப் போடும், சார்ஜருக்குப் போய்ச் சேரும் முன்பே பேட்டரியை ஏற்ற வெப்பநிலைக்குக் கொண்டுவரும். பினாங்குக்கு ஓட்டிப் போகும் நாளில் இதற்கு மதிப்பு உண்டு. மின்சாரக் காடி வாங்குபவர்கள் கார்பிளே இருக்கிறதா என்பதோடு, காடியின் சொந்த வரைபடம் எவ்வளவு கெட்டி என்பதையும் சோதிக்க வேண்டும். பெட்ரோல் காடியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

படி 4: ஷோரூமில், எஞ்சின் ஓட, உங்கள் போனோடு

இதுதான் முக்கியமான படி. ஷா ஆலம் கிளென்மாரிப் பக்கம் போனால் பல பிராண்டுகளின் ஷோரூம்கள் கிட்டக்கிட்டவே இருக்கும், ஒரே சனிக்கிழமையில் பலவற்றைப் பார்க்கலாம். ஆனால் வார இறுதிக் கூட்டத்தில் உங்களை யாரும் காடிக்குள் நிம்மதியாக உட்கார விடமாட்டார்கள். வார நாளில் காலை பத்து மணிக்கு மேல் போனால் விற்பனையாளருக்கும் பொறுமை இருக்கும்.

வீட்டிலிருந்தே நல்ல கேபிள் ஒன்றைக் கொண்டுபோங்கள். இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது என்ற பல புகார்களுக்குக் காரணம் மலிவான கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் இணைப்பே வராது. காடியில் உள்ள துளை பழைய செவ்வக யூஎஸ்பியா புதிய டைப்-சியா என்றும் பாருங்கள். ஐபோன் 15 முதல் ஆப்பிளும் டைப்-சிக்கு மாறிவிட்டது. நான்கு துளைகள் இருந்தாலும் பல காடிகளில் ஒன்றில்தான் தரவு போகும், மற்றவை சார்ஜுக்கு மட்டும். அந்த ஒன்று எங்கே இருக்கிறது என்பதுகூட முக்கியம். கை வைக்கும் பெட்டிக்குள் ஒளிந்திருந்தால் தினமும் மூடியைத் திறந்து மூட வேண்டியிருக்கும்.

போனை இணைக்கும்போது தொடர்புப் பட்டியலைக் காடிக்கு நகலெடுக்கவா என்று கேட்கும். டெஸ்ட் டிரைவ் காடியில் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தத் திரையில் புளூடூத் பட்டியலைத் திறந்து பாருங்கள், முன்னால் வந்துபோனவர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும்.

இணைந்ததும் நான் பார்க்கும் வரிசை இது. எஞ்சினை நிறுத்தி, மறுபடி கிளப்பி, உடனே ரிவர்ஸ் கியர் போடுங்கள். பின் கேமரா எத்தனை நொடியில் வருகிறது? சில திரைகள் விழித்தெழவே நேரம் எடுக்கும், அதற்குள் நீங்கள் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் பாதி தூரம் பின்னால் வந்திருப்பீர்கள். அடுத்து, ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றியதும் வரைபடம் தானாகத் திரும்புகிறதா, இல்லை முகப்புப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். தினமும் பலமுறை நடக்கிற காரியம் என்பதால் சின்னக் குறைகூடப் பெரிதாக உறுத்தும்.

அப்புறம் குரல். ஸ்டீயரிங்கில் உள்ள பட்டனை அழுத்தி "ஜாலான் துன் சம்பந்தன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஜாலான் ராஜா லாவுட்" சொல்லுங்கள். வீட்டில் பெரியம்மா பெயரை எப்படிச் சேமித்திருக்கிறீர்களோ அப்படிச் சொல்லி அழைக்கச் சொல்லுங்கள். மலாய்ச் சாலைப் பெயரும் தமிழ்ப் பெயரும் கலந்து வரும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பது அவசியம், அதோடு கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கும். வாட்ஸ்அப் செய்தியை ஓட்டும்போது திரையில் காட்டாமல் உரக்க வாசிப்பதுதான் வழக்கம். தமிழ் எழுத்தில் ஒரு செய்தியை யாரையாவது அனுப்பச் சொல்லி உங்கள் போன் அதை எப்படி வாசிக்கிறது என்று கேளுங்கள். இது காடியைப் பற்றிய சோதனை அல்ல, போனைப் பற்றியது. ஆனால் காடியில் உட்காரும்போதுதான் இது தேவைப்படுகிறது.

வீட்டில் இருவர் ஓட்டுவதென்றால் இரண்டு போன்களையும் இணைத்துவிட்டு இருவரும் இறங்கி, மறுபடி சேர்ந்து ஏறுங்கள். வயர்லெஸ் காடிகளில் எந்தப் போனைப் பிடிப்பது என்பதில் சண்டை வரும். யாருக்கு முன்னுரிமை என்று அமைப்பில் சொல்ல முடிகிறதா, திரையில் ஒரு தொடுதலில் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். மனைவி ஓட்டும்போது கணவரின் முதலாளி அழைப்பு ஸ்பீக்கரில் அலறுவது யாருக்கும் நல்லதல்ல.

வயர்லெஸா, கேபிளா?

வயர்லெஸ் சொகுசுதான். போனைப் பையிலிருந்து எடுக்காமலே வரைபடம் வந்துவிடும். பக்கத்துக் கடைக்குப் போவதற்கு, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விடுவதற்கு, இதைவிட வசதி இல்லை. ஆனால் நம் ஊர் வெயிலில் இதற்கு ஒரு விலை உண்டு. போன் ஒரே நேரத்தில் வைஃபையில் படம் அனுப்புகிறது, ஜிபிஎஸ் பிடிக்கிறது, பாட்டு இறக்குகிறது, போதாததற்கு வயர்லெஸ் சார்ஜர் தட்டில் கிடந்து சூடேறுகிறது. கண்ணாடி வழியாக நேர் வெயில் விழும் இடத்தில் அந்தத் தட்டு இருந்தால் போன் கொதித்து, சார்ஜ் ஏறுவதை நிறுத்தி, திரையையும் மங்கலாக்கிவிடும். தட்டுக்கு ஏர்கோன் காற்று வருகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். இப்போது சில காடிகளில் தட்டின் அடியிலேயே காற்று வரும்படி செய்திருக்கிறார்கள்.

நெரிசலான இடங்களிலும் டோல் சாவடிப் பக்கத்திலும் வயர்லெஸ் இணைப்பு நொடி நேரம் அறுந்துபோவதாகப் பலர் சொல்வதுண்டு. சரியாக எந்தப் பாதையில் போவது என்று தெரிய வேண்டிய இடத்தில்தான் அது நடக்கும். ஈப்போ, பினாங்கு, ஜொகூர் என்று நீண்ட பயணம் அடிக்கடி போகிறவர்கள் கேபிள் வழியும் வேலை செய்யும் காடியாகப் பாருங்கள். வயர்லெஸ் மட்டும் தந்து யூஎஸ்பியைச் சார்ஜுக்கு மட்டும் ஒதுக்கும் காடிகள் உண்டு. என்னைக் கேட்டால், கேபிள் மட்டும் உள்ள காடி குறையே அல்ல. பின்னால் ஒரு சிறு அடாப்டரைச் செருகி வயர்லெஸாக மாற்றிக்கொள்ளலாம், இங்கே அது எளிதாகக் கிடைக்கிறது.

படி 5: சாலையில்

விற்பனையாளர் வழக்கமாக ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் போகச் சொல்வார். கூட்டரசு நெடுஞ்சாலை வரை போகலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். நேரம் நண்பகலாக இருந்தால் இன்னும் நல்லது. வெயில் திரையில் நேராக விழும்போது வரைபடம் தெரிகிறதா, உங்கள் முகம்தான் தெரிகிறதா? போலரைஸ்டு குளிர்க்கண்ணாடி போடும் பழக்கம் இருந்தால் போட்டுக்கொண்டே பாருங்கள், சில திரைகள் அதன் வழியாகக் கறுத்துப்போய்த் தெரியும்.

தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில், ஏர்கோன் முழுசாக வீச, வீட்டுக்கு ஓர் அழைப்பு போடுங்கள். நீங்கள் கேட்பது முக்கியமல்ல, மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் குரல் கேட்கிறதா என்பதுதான் கேள்வி. மைக் மோசமான காடியில் "என்ன? என்ன?" என்று கத்திக்கொண்டே ஒன்பது ஆண்டு ஓட்ட வேண்டியிருக்கும். ஐந்து மணி மழையில் இது இன்னும் மோசமாகும்.

பாட்டு ஓடும்போது வழிகாட்டும் குரல் போதுமான சத்தத்தில் வருகிறதா என்று பாருங்கள். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி: பெரும்பாலான காடிகளில் வழிகாட்டும் குரலுக்குத் தனி ஒலி அளவு உண்டு. அந்தக் குரல் பேசிக்கொண்டிருக்கும்போது வால்யூமைத் திருகினால்தான் அது மாறும், மற்ற நேரத்தில் திருகினால் பாட்டின் சத்தம்தான் மாறும். "இந்தக் காடியில் வேஸ் பேசவே மாட்டேங்குது" என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் மருந்து.

முடிந்தால் ஸ்மார்ட் சுரங்கப்பாதை வழியாகவும் ஒருமுறை போய்ப் பாருங்கள். 2007இல் திறந்த அந்தப் பாதையில் காடி ஓடும் பகுதி சுமார் நான்கு கிலோமீட்டர். உள்ளே செயற்கைக்கோள் சமிக்ஞை கிடையாது. காடி தன் சக்கர வேகத்தையும் திசையையும் போனோடு பகிர்ந்துகொண்டால் வரைபடத்தில் அம்பு ஓரளவு நகர்ந்துகொண்டே இருக்கும், இல்லாவிட்டால் நுழைந்த இடத்திலேயே நின்றுவிடும். வெளியே வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது என்று உடனே முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இந்த வித்தியாசம் தெரியும்.

படி 6: பட்டன்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். கார்பிளே திரை முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஏர்கோனைக் குறைக்க எத்தனை தடவை தொட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் என்றால் எனக்கு அந்தக் காடி வேண்டாம். வால்யூமுக்கும் ஏர்கோனுக்கும் முன் கண்ணாடி ஆவியை விரட்டுவதற்கும் தனிப் பட்டன் இருக்க வேண்டும். மழையில் கண்ணாடி மூடிக்கொள்ளும்போது மெனு தேட நேரமில்லை. ஐரோப்பாவில் காடிகளின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் அமைப்பே சிக்னல், வைப்பர், ஹார்ன், அபாய விளக்கு போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் அல்லது கைப்பிடி இல்லாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கும்படி 2026 முதல் விதியை இறுக்கியிருக்கிறது.

திரை இருக்கிறது என்பதற்காகக் கையில் போனை எடுக்காமல் இருக்கிறோமா என்பது வேறு விஷயம். ஓட்டும்போது போனைக் கையில் பிடித்திருந்தால் இங்கே 300 ரிங்கிட் சம்மன்.

படி 7: மனசுக்குப் பிடித்த காடியில் இது இல்லையென்றால்

ஜாலான் ஈப்போ பக்கமும் பெட்டாலிங் ஜெயாவிலும் உள்ள ஆக்சசரி கடைகளில் "ஆண்ட்ராய்டு பிளேயர்" மாட்டித் தருவார்கள். சில நூறு ரிங்கிட்டிலிருந்து ஆரம்பிக்கிறது, அதில் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் பெரும்பாலும் கூடவே வரும். அடி வேரியண்ட் வாங்குபவர்களுக்கு இது நியாயமான வழி. அதனால்தான் வெறும் திரைக்காக 4,000 ரிங்கிட் தரமாட்டேன் என்றேன்.

ஆனால் கடைக்காரரிடம் பேசும்போது மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். காடியின் வயரை வெட்டக்கூடாது, அந்த மாடலுக்கான சாக்கெட் வைத்தே மாட்ட வேண்டும். வயரை வெட்டியது தெரிந்தால் பின்னால் எந்த மின்கோளாறு வந்தாலும் சர்வீஸ் சென்டர் வாரண்டி தர மறுக்கச் சாக்குக் கிடைத்துவிடும். இரண்டாவது, ஸ்டீயரிங் பட்டன்களும் பின் கேமராவும் முன்போலவே வேலை செய்ய வேண்டும், பணம் கொடுக்கும் முன் சோதியுங்கள். மூன்றாவது, ரேம் எவ்வளவு. 2 ஜிபி ரேம் பிளேயர் முதல் ஆறு மாதம் ஓடும், அப்புறம் இழுக்கும். திரைக்குள்ளேயே ஏர்கோன் கட்டுப்பாடும் காடியின் அமைப்புகளும் இருக்கும் மாடல்களில் மட்டும் இந்த வேலையே வேண்டாம். அங்கே திரையை மாற்றினால் வேறு பத்து விஷயம் கெட்டுப்போகும்.

ரீகண்டிஷன் காடி வாங்குபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு

அல்பார்ட், வெல்பயர், ஹாரியர் என்று ஜப்பானில் ஓடிய பின் இங்கே விற்பனைக்கு வரும் ரீகண்டிஷன் காடிகளில் திரை முழுக்க ஜப்பானிய எழுத்தாக இருக்கும். பல மாடல்களில் மொழியை மாற்றும் வசதியே கிடையாது. உள்ளே உள்ள வரைபடம் ஜப்பான் நாட்டுக்கானது, இங்கே அது அலங்காரத்துக்குத்தான்.

ரேடியோவில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். ஜப்பானில் எஃப்எம் அலைவரிசை 76இலிருந்து ஆரம்பித்து, பழைய செட்களில் 90 வரையும் புதியவற்றில் 95 வரையும்தான் போகும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் எஃப்எம் 92.3, ராகா 99.3. ஆகவே புதிய செட்டில் மின்னல் கிடைக்கும், ராகா கிடைக்காது. பழைய செட்டில் இரண்டுமே இல்லை. அலைவரிசையை நகர்த்தும் ஒரு சிறு கருவியை விற்பனையாளரே மாட்டித் தருவார். அப்படி மாட்டிய காடியில் திரையில் ஓர் எண் தெரியும், கேட்பது வேறு நிலையமாக இருக்கும், கொஞ்ச நாளில் பழகிவிடும். கார்பிளே வேலை செய்யும் ரீகண்டிஷன் காடி கிடைத்தால் மொழி, வரைபடம், ரேடியோ மூன்று தொல்லையும் ஒரே அடியில் தீர்ந்துவிடும், ஏனென்றால் மூன்றும் போனிலிருந்தே வரும். ஆகவே இந்தக் காடிகளில் ஆண்டையும் கிலோமீட்டரையும் பார்ப்பது போலவே கேபிளைச் செருகிப் பார்ப்பதும் கட்டாயம்.

படி 8: புக்கிங் தாளும் டெலிவரி நாளும்

"கார்பிளே அப்டேட்டில் வரும் பாஸ்" என்று யாராவது சொன்னால், வராது என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். வந்தால் லாபம். அந்த வாக்குறுதியை நம்பித்தான் வாங்குகிறீர்கள் என்றால் புக்கிங் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது. வேரியண்டின் முழுப் பெயர், தயாரித்த ஆண்டு, ஓடிஆர் விலை (பதிவு, சாலை வரி, காப்புறுதி எல்லாம் சேர்ந்த விலை), இலவசமாகத் தருவதாகச் சொன்ன டிண்ட் (கண்ணாடியில் ஒட்டும் கறுப்புத் தாள்), டேஷ்கேம் எல்லாமே அதே தாளில் இருக்கட்டும். டிண்ட் உலோகப் பூச்சு உள்ளதா என்றும் கேளுங்கள், அந்த வகை ஜிபிஎஸ் சமிக்ஞையையும் டோல் கட்டுவதற்காக ஒட்டும் ஆர்எஃப்ஐடி வில்லையின் சமிக்ஞையையும் பலவீனப்படுத்தும்.

டெலிவரி நாளில் பூமாலை, எலுமிச்சம்பழம், கோயில் என்று பரபரப்பாக இருக்கும். அதற்கு முன்பே பத்து நிமிடம் ஒதுக்கி, நீங்கள் சோதித்த அதே சோதனைகளை உங்கள் சொந்தக் காடியில் ஒருமுறை செய்யுங்கள். டெஸ்ட் டிரைவ் காடியும் உங்கள் காடியும் வேறு வேறு சாப்ட்வேர் பதிப்பில் இருக்கலாம். அமைப்பில் பதிப்பு எண் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சர்வீஸ் சென்டரில் புகார் சொல்லும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சர்வீஸுக்குக் காடியை விடும்போது போனில் கார்பிளேயைத் துண்டிக்கத் தேவையில்லை, போன் உங்களோடுதான் வருகிறது. ஆனால் காடிக்கு நகலெடுத்த தொடர்புப் பட்டியலும் அழைப்பு வரலாறும் அங்கேயே தங்கும். அந்த நகலெடுப்பை நிறுத்தி வைப்பது நல்லது. காடியை விற்கும் நாளில் அமைப்புக்குள் போய் எல்லாவற்றையும் ஆலை நிலைக்கு மாற்றிவிட்டு, உங்கள் போனிலிருந்தும் அந்தக் காடியை நீக்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.